பழைய லேசர் பாய்ப்படகு வாங்கலாமா? பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

அலைவாய்

சென்னையில் ஒரு பழைய லேசர் விலைக்கு வருகிறது. வயது 20 வருடத்துக்கு மேல். ஸ்டாண்டர்ட் பாய் ஒன்று, பாய்மரம், பூம் (பாயின் அடியைத் தாங்கும் கட்டை), சுக்கான், டேகர்போர்டு (படகின் நடுவில் கீழே செருகும் பலகை) எல்லாம் சேர்த்துத் தருகிறார்கள். வெளிப்பூச்சு மங்கியிருக்கிறது, பெரிய அடி எதுவும் கண்ணில் படவில்லை. என் எடை 64 கிலோ. அடிப்படைப் பயிற்சி முடித்தாயிற்று. வாரம் ஒரு நாளாவது தனியாகக் கடலில் ஓட்ட வேண்டும் என்பதுதான் ஆசை, போட்டி எல்லாம் பிறகு. இது சரியான படகா? நேரில் போய்ப் பார்க்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொண்டல்

சரியான படகுதான். தனி ஆளாகத் தூக்கி வைத்து, தனி ஆளாகப் பாய் கட்டி, தனி ஆளாகத் திரும்பி வரக்கூடிய படகுகளில் இதற்கு இணை குறைவு. புரூஸ் கெர்பி வரைந்து 1971-ல் விற்பனைக்கு வந்த அதே உருவம் இன்றும் மாறவில்லை. 2019-லிருந்து பெயர் மட்டும் ஐஎல்சிஏ. அதனால் பழைய படகுக்கும் புதிய பாகம் பொருந்தும். பழசு வாங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது.

முதலில் பாய். ஸ்டாண்டர்ட், அதாவது ஐஎல்சிஏ 7-ன் பாய் 7.06 சதுர மீட்டர். 80 கிலோ பக்கம் இருப்பவர்களுக்கு அது பொருந்தும். 64 கிலோவுக்கு 12 நாட் (மணிக்கு சுமார் 22 கி.மீ.) காற்றிலேயே கை ஓய்ந்துவிடும். உங்களுக்கு உரியது ரேடியல், ஐஎல்சிஏ 6, 5.76 சதுர மீட்டர். இதற்காகப் படகை மாற்ற வேண்டாம். மரம் மேல், கீழ் என இரண்டு துண்டு. ரேடியல் பாயும், கொஞ்சம் குட்டையான ரேடியல் கீழ்மரமும் வாங்கினால் போதும். மேல்மரம், பூம், சுக்கான் எல்லாம் அதேதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன் ஓட்டியது இந்த ரேடியல்தான். ஆகவே "சின்னப் பாய், கற்றுக்கொள்கிறவர்களுக்கு" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது எடை. வெறும் படகின் எடை சுமார் 59 கிலோ. குளியலறைத் தராசு இரண்டு எடுத்துப் போங்கள். ஒன்றை அணியத்தின் (முன்முனை) கீழும் மற்றொன்றைப் பின்பக்கத்தின் கீழும் வைத்து இரண்டையும் கூட்டுங்கள். 65-ஐத் தாண்டினால் உள்ளே தண்ணீர் நிற்கிறது, அல்லது மேல்தளத்தின் அடுக்குகளுக்கு நடுவில் இருக்கும் நுரை ஊறியிருக்கிறது. நிற்கும் தண்ணீரைப் பின்னால் உள்ள தக்கையைத் திறந்து சாய்த்தால் கொட்டிவிடலாம். ஊறிய நுரை அவ்வளவு சுலபமாகக் காயாது. ஒரு ரூபாய் நாணயத்தால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். "டக் டக்" என்று வரும் சத்தம் ஓரிடத்தில் "தொப்" என்று மாறினால் அங்கே பிளந்திருக்கிறது. காக்பிட்டின் இரு ஓரமும், அதாவது உட்காரும் இடமும், மரம் நடும் மரக்குழியைச் சுற்றிய இடமும்தான் முதலில் போகும். முழங்காலால் அழுத்திப் பாருங்கள். லேசாக நெளிந்தால் பரவாயில்லை. மெத்தை மாதிரி அமுங்கினால் வேண்டாம்.

வெளிப்பூச்சு மங்கியதைப் பற்றிக் கவலை வேண்டாம். பளபளவென்று தேய்த்து வைத்திருக்கும் படகுதான் எனக்குச் சந்தேகம் தரும்.

பிசின்கை

கொண்டல் அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் இந்தப் படகில் காசைத் தின்கிற இடம் மரக்குழி. அதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

லேசரில் மரத்தைப் பிடிக்கப் பக்கக் கம்பி கிடையாது. பாயின் மொத்த விசையும் தளத்தில் இருக்கும் அந்த ஒரு குழாய்க்குள்தான் இறங்குகிறது. மரம் அதற்குள் சுழன்றுகொண்டே இருக்கும். கடற்கரை மணல் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தால் போதும், உரலும் உலக்கையும்தான். குழாயின் அடி தேய்ந்து தேய்ந்து ஓட்டையாகும், அல்லது அடிப்பக்கம் படகின் தரையோடு ஒட்டியிருக்கும் பிடி விடும். ஒரு நாள் நல்ல காற்றில் மரம் தளத்தைப் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

சோதனை மிகவும் எளிது. மரத்தை எடுத்துவிட்டுக் குழியில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு. அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோட்டிலேயே நின்றால் நல்லது. இறங்கியிருந்தால் தண்ணீர் படகுக்குள்தான் போயிருக்கிறது. பிறகு கீழ்மரத்தை மட்டும் நட்டு, அதன் உச்சியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லி, நீங்கள் மரக்குழியைச் சுற்றிய தளத்தின் மீது உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தளம் மூச்சு விடுகிற மாதிரி எழுந்து தாழ்ந்தால் பிடி விட்டிருக்கிறது.

வாங்கிய பிறகு குழிக்குள் மணல் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரம் நடும் முன் ஒவ்வொரு முறையும் மரத்தின் அடியை நல்ல தண்ணீரில் கழுவி, குழியை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அடியில் மெல்லிய பிளாஸ்டிக் வட்டு ஒன்று போட்டால் தேய்மானம் அதற்குப் போகும்.

அலைவாய்

தண்ணீர்ச் சோதனை இன்று செய்தேன் சார். அரை மணியில் இரண்டு விரற்கடை இறங்கியது. எடை 63 கிலோ வருகிறது. விட்டுவிடலாமா? சரி செய்ய முடியும் என்றால் எப்படி?

பிசின்கை

63 என்றால் நுரை பெரும்பாலும் ஊறவில்லை. தக்கையைத் திறந்து, அணியத்தைத் தூக்கி ஓர் இரவு வையுங்கள். எடை இறங்கினால் விலையைக் குறைத்து வாங்கலாம். மரக்குழி சரி செய்யக்கூடியதுதான்.

மரக்குழிக்கு அருகில், தளத்தில், வட்டத் துளை ஒன்று வெட்டித் திருகு மூடி பொருத்த வேண்டும். உள்விட்டம் 153 மி.மீ. வரை இந்தப் படகு வகைக்கான போட்டி விதி அனுமதிக்கிறது. அதைவிடச் சிறியதாக வெட்டினால் கை போகாது, வெட்டியதே வீண். துளை வழியாக ஒரு சின்ன மேசை விசிறியால் காற்று அனுப்பி மூன்று நான்கு நாள் உலர விடுங்கள். ஈரத்தின் மேல் எபாக்ஸிப் பிசின் பிடிக்காது. இந்த ஒரு இடத்தில் அவசரப்பட்டால் மொத்த வேலையும் மறுபடி.

உலர்ந்ததும் குழாயின் அடியைச் சுற்றி, படகின் தரையோடு சேரும் மூலையை, 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும் வரை தேய்த்து அசிட்டோனால் துடையுங்கள். எபாக்ஸியில் சிலிக்காத் தூளும் நறுக்கிய கண்ணாடி இழையும் கலந்து, கரண்டியைச் சாய்த்தாலும் ஒழுகாத வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவந்து, மூலையில் வளைவாகப் பூசுங்கள். அது இறுகும் முன்பே அதன் மேல் கண்ணாடி இழைத் துணி இரண்டு மூன்று அடுக்கு. குழாயில் பாதி, தரையில் பாதி படிய வேண்டும்.

பாலியெஸ்டர் பிசின் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். புதுப் படகு கட்ட அது சரி. பழைய, இறுகிய பரப்பின் மேல் எபாக்ஸி பிடிப்பதுபோல் அது பிடிக்காது.

நம் ஊர் வெயிலில் இன்னொன்று. மெதுவாக இறுகும் ஹார்டனர் வாங்குங்கள். ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம். கலந்ததை டம்ளரில் வைக்காமல் அகலத் தட்டில் பரப்புங்கள். டம்ளரில் குவிந்து நின்றால் தன் சூட்டிலேயே புகைந்து, நீங்கள் உள்ளே கை விடும் முன் கல்லாகிவிடும். வேலையைக் காலை 6 மணிக்கு ஆரம்பியுங்கள். கையுறையும், தூள் கலக்கும்போது முகமூடியும் கட்டாயம்.

கொண்டல்

தம்பி, துளை வெட்டும் விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. தளத்தில் வெட்டிய ஒவ்வொரு மூடியும் பின்னாளில் ஒழுகும் இடம். அதன் ரப்பர் வளையம் வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் காய்ந்து வெடிக்கும். ஒழுக்கு குழாயின் அடியில் மட்டும் என்றால் படகை நிமிர்த்தி வைத்து, குழாய்க்குள்ளேயே உலர்த்தித் தேய்த்து, உள்ளிருந்து அடியில் எபாக்ஸி ஊற்றி மூடிவிடலாமே.

பிசின்கை

அண்ணே, ஓட்டை மட்டும் என்றால் உங்கள் வழி போதும். தளம் எழுந்து தாழ்கிறது என்றால் பிடி விட்டிருக்கிறது. அப்போது உள்ளிருந்து ஊற்றுவது ஒழுக்கை மூடுமே தவிர பலம் தராது. ஒழுக்கு நின்றுவிட்டதே என்று நம்பிக்கையோடு கடலுக்குப் போய், மரம் பிய்ந்து வருவது இப்படித்தான் நடக்கிறது. மூடி ஒழுகும் என்பது உண்மை. வளையத்துக்கு சிலிகான் கிரீஸ் தடவி, வருடம் ஒரு முறை மாற்றினால் அது பிரச்சினை இல்லை. அந்தத் துளை வழியாகப் படகின் உட்புறத்தை உலர விடலாம் என்பது நம் ஈரக்காற்றில் பெரிய லாபம்.

அலைவாய், எனவே ஆட்டிப் பார்க்கும் சோதனையைச் செய்துவிட்டு முடிவெடுங்கள்.

கொண்டல்

அது நியாயம். ஒத்துக்கொள்கிறேன்.

மற்ற ஒழுக்குகளையும் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடலாம். காக்பிட்டின் முன்சுவரில், கால்பட்டை (வெளியே சாயும்போது கால் மாட்டும் பட்டை) மாட்டும் இடத்தருகே, மிகச் சிறிய மூச்சுத் துளை இருக்கும். அதை டேப்பால் ஒட்டுங்கள். பின் தக்கைத் துளையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, சுற்றி டேப் ஒட்டி, வாயால் ஊதுங்கள். வேறு ஒருவர் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைத் தளமும் உடலும் சேரும் விளிம்பு, பெய்லர் (காக்பிட் தண்ணீரை வெளியேற்றும் திறப்பு), டேகர்போர்டு பொந்து, சுக்கான் கொண்டியின் திருகுகள் எல்லாவற்றிலும் பூசட்டும். குமிழி வரும் இடத்தில் பென்சிலால் வட்டம். வாயால் மட்டும்தான் ஊத வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரஸரைக் காட்டினால் விளிம்பு முழுவதும் பிளந்துவிடும்.

முடிந்ததும் அந்த டேப்பை மறக்காமல் எடுத்துவிடுங்கள். வெயிலில் கிடக்கும் படகின் உள்ளே காற்று சூடாகி விரிந்திருக்கும். தண்ணீரில் இறக்கியதும் குளிர்ந்து சுருங்கும். மூச்சுத் துளை அடைபட்டிருந்தால், ஊசிமுனை அளவு ஓட்டை எங்கே இருந்தாலும் அதன் வழியாகக் கடல் தண்ணீரை உறிஞ்சும். "எங்கேயும் உடையவில்லை, ஆனால் எப்போதும் ஒரு லிட்டர் தண்ணீர் வருகிறது" என்பதற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

சாங்கி_காற்று

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். மேல்மரத்தை யாரும் சொல்லவில்லை. இரண்டு துண்டு அலுமினியக் குழாய், நடுவில் கழுத்து. அந்தக் கழுத்து வளையத்தைப் பிடித்திருக்கும் ரிவெட் துளையில்தான் மேல்மரம் முறியும். ரிவெட் ஸ்டெயின்லெஸ் என்றால் உப்புத் தண்ணீரில் அலுமினியம் அதைச் சுற்றி அரிக்கும். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுதான். ரிவெட்டைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு நகத்தில் தட்டுப்படும். வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டியதுதான். புது ரிவெட் அடிக்கும்போது டெஃப்-ஜெல் என்னும் அரிப்புத் தடுப்புப் பசையைத் தடவி அடியுங்கள்.

மரம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க, சமமான சிமென்ட் தரையில் உருட்டுங்கள். நடுவில் எழுந்து எழுந்து உருண்டால் நிரந்தர வளைவு.

இரண்டு துண்டும் ஒட்டிக்கொண்டு கழற்ற முடியாமல் போவதும் மணலால்தான். இழுக்காமல், ஆளுக்கு ஒரு துண்டைப் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். மசியவில்லை என்றால் வெளிக்குழாயின் மேல் வெந்நீர் ஊற்றி மறுபடி முறுக்குங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு இந்தப் படகு பெரிய தொல்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு முறை சரி செய்துவிட்டால், கொட்டகையிலிருந்து எடுத்துத் தண்ணீரில் இறக்க 20 நிமிடம் போதும். பெரிய படகு வைத்திருப்பவர் ஆள் சேர்க்கக் காத்திருக்கும் நேரத்தில் நீங்கள் போய்த் திரும்பிவிடலாம். உட்காரும் இடம் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே. காற்று 12 நாட் தாண்டி, பக்கவாட்டில் எடுத்து, உடலை வெளியே சாய்த்ததும் படகு தன் அலையின் மேலேயே ஏறி வழுக்கும். சுக்கான் திடீரென்று இலேசாகும், டேகர்போர்டு மெல்ல ரீங்கரிக்கும், பின்னால் தண்ணீர் தட்டையாக விரியும். அந்தச் சத்தத்துக்காகத்தான் இத்தனை தேய்ப்பும் பூச்சும்.

அலைவாய்

ஆட்டிப் பார்த்தேன், தளம் அசையவில்லை. கொண்டல் சார் சொன்ன வழியில் அடியை மூடப் போகிறேன். ஓட்டுவதில் இரண்டு சந்தேகம். பயிற்சியில் டில்லர் (சுக்கானைத் திருப்பும் பிடி) அநியாயத்துக்குக் கனமாக இருந்தது. ஜைப் செய்யும்போது, அதாவது பின்காற்றில் பாயைப் பக்கம் மாற்றும்போது, பாயை இழுத்துப் பிடிக்கும் மெயின்ஷீட் கயிறு பின்மூலையில் மாட்டி இரண்டு முறை கவிழ்ந்தது. நான் செய்வதில் தவறா, படகிலா?

சாங்கி_காற்று

டில்லர் கனத்துக்கு முதல் சந்தேகம், சுக்கான் பலகை முழுக்க இறங்கவில்லை. ஐந்து டிகிரி பின்னால் தூக்கியிருந்தாலும் தண்ணீரின் அழுத்தம் அச்சுக்குப் பின்னால் போய்விடும், கை வலிக்கும். இறக்கும் கயிற்றை முழுபலத்தோடு இழுத்துக் கட்டுங்கள். இரண்டாவது, படகு சாய்ந்தே ஓடுகிறது. கவிழ்வதுபோல் சாயச் சாய அது காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும், நீங்கள் டில்லரால் சண்டை போடுவீர்கள். மெயின்ஷீட்டை ஒரு கைப்பிடி விட்டு, உடலை வெளியே சாய்த்துப் படகை நிமிர்த்துங்கள். கனம் உடனே போய்விடும்.

ஜைப்பில் கயிறு மாட்டுவது லேசரின் பிறவிக் குணம். பூம் நடுக்கோட்டைத் தாண்டும் அந்தக் கணத்தில் ஷீட்டை வெடுக்கென்று ஒரு முழம் இழுத்து விடுங்கள். தொய்ந்து தண்ணீரில் கிடக்கும் வளையம் மேலெழுந்து மூலையைத் தாண்டிவிடும். பின்பக்கத்தில் குறுக்கே கட்டிய டிராவலர் கயிறும் வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். அது தளர்ந்திருந்தால் எவ்வளவு இழுத்தும் பயனில்லை. டில்லர் டிராவலருக்குக் கீழே போகிறதா என்பதையும் பாருங்கள்.

பின்காற்றில் போகும்போது படகு காற்று வரும் பக்கமே உருண்டு கவிழ்ந்தால் பூமைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் வாங் கயிறு மிகவும் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். உருள ஆரம்பித்ததும் ஷீட்டை உள்ளே இழுத்து, கொஞ்சம் காற்றை நோக்கித் திருப்புங்கள். பயந்து ஷீட்டை விட்டால் இன்னும் வேகமாக உருளும்.

ஏரிக்கரை_கனடா

டொரோண்டோவில் இருந்து ஒரு சின்னக் குறிப்பு. இந்தப் படகு முதலில் கட்டப்பட்டது இங்கே கியூபெக்கில்தான், இப்பவும் பழசு நிறையக் கிடைக்கும். எங்களுக்கு ஓட்டக் கிடைப்பது மே தொடக்கம் ஒக்டோபர் வரைதான். மூடி வைக்க முதல் உள்ளே இருக்கிற தண்ணியை வடிவாக வடிச்சு, தக்கையைத் திறந்தே வைக்க வேணும். ஒரு போத்தல் தண்ணி உறைஞ்சு விரிஞ்சாலே ஒட்டு விட்டுப்போகும். மே மாதம் வெயில் 20 பாகை எண்டு பார்த்து ஏமாறக் கூடாது. ஏரித் தண்ணி ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும். தண்ணீரின் குளிருக்கு உடுக்க வேணும், காற்றின் சூட்டுக்கு இல்லை. இங்கே படகு வாங்க நினைக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்காக எழுதினேன்.

கொண்டல்

நல்ல குறிப்பு. நம் பக்கத்துக்கு வருகிறேன்.

கிழக்குக் கரையில் அஞ்ச வேண்டியது கச்சான். ஆனி, ஆடியில் காலையில் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் மேல்காற்று. கரையோரத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துவிடுவார்கள். அரை கிலோமீட்டர் தள்ளினால்தான் அலை தெரியும், திரும்பி வருவது முழுக்க எதிர்க்காற்று. புதிதாக ஓட்டுகிறவர்கள் மதியம் கொண்டலும் (கிழக்குக் காற்று) தென்கிழக்குக் காற்றும் கடலிலிருந்து எடுக்கும் வரை காத்திருப்பது நல்லது. ஏதாவது முறிந்தாலும் அது உங்களைக் கரைக்கே கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் வந்துவிட்டால் படகைக் கட்டி வைக்கும் காலம். 59 கிலோ உடலைப் புயல்காற்று காகிதம் போலத் தூக்கும். கவிழ்த்து வைத்து, தரையில் அடித்த முளையில் இரண்டு பட்டையால் இறுக்குங்கள். வெயிலில் படகைக் கல், டயர் போன்ற ஒற்றைத் தாங்கல் மேல் வைத்தால் அடிப்பக்கம் குழிந்துவிடும். விளிம்பில் தாங்க வேண்டும்.

எப்போதும் 50 நியூட்டன் மிதவைச் சட்டை போடுங்கள். தானாக ஊதிக்கொள்ளும் வகை இந்தப் படகுக்கு ஆகாது. கவிழ்ந்த முதல் நொடியிலேயே ஊதி, பாய்க்கு அடியில் உங்களைச் சிறைப்பிடித்துவிடும். மரத்தைத் தளத்தோடு பிணைக்கும் கயிறும், டேகர்போர்டின் ரப்பர் கயிறும் இல்லாமல் ஒருநாளும் இறங்க வேண்டாம். படகு தலைகீழானால் இரண்டும் வழுக்கிக் கடலுக்குள் போய்விடும், டேகர்போர்டு இல்லாமல் நிமிர்த்தவே முடியாது. கவிழ்ந்ததும் முதலில் கையில் ஏதாவது கயிற்றைப் பிடியுங்கள். ஆள் இல்லாத படகை, நீந்தி எட்ட முடியாத வேகத்தில் காற்று தள்ளிக்கொண்டு போகும். வாங்கையும் ஷீட்டையும் தளர்த்தி, அணியம் காற்றைப் பார்க்கத் திரும்பியபின் டேகர்போர்டின் மேல் ஏறி நின்று எழுப்புங்கள்.

அலைவாய்

மிக்க நன்றி சார், பிசின்கை அண்ணா, எல்லாருக்கும். கடைசியாக ஒன்று. ரேடியல் பாய் பழசாகக் கிடைத்தால் வாங்கலாமா?

பிசின்கை

பழகுவதற்குத் தாராளமாக. துணியைக் காதருகே வைத்துக் கசக்குங்கள். புதுசு மொறமொறவென்று சத்தம் போடும். சட்டைத்துணி மாதிரி சத்தமே இல்லாமல் மடங்கினால் பிசின் எல்லாம் போய்விட்டது. அது காற்றில் பையாக உப்பும், எதிர்க்காற்றில் ஏறாது. பேட்டன் (பாயை விறைப்பாக வைக்கும் தட்டைக் குச்சி) செருகும் பைகளின் முனைத் தையலையும் மரம் நுழையும் உறையின் உச்சியையும் பாருங்கள், வெயில் தின்பது முதலில் நூலைத்தான். வாங்கியபின் மடிக்காமல் சுருட்டி வையுங்கள். கரையில் பாயைப் படபடவென்று அடிக்கவிட்டுப் பேசிக்கொண்டு நிற்க வேண்டாம். ஒரு மணி நேரப் படபடப்பு, பல நாள் ஓட்டத்தைவிட அதிகமாகத் துணியைக் கெடுக்கும்.

முதல் நாள் இறங்கும்போது சட்டைப் பையில் 4 மி.மீ. கயிறு இரண்டு மீட்டர், ஒரு விசில், எலக்ட்ரிகல் டேப், உபரித் தக்கை ஒன்று இருக்கட்டும். தக்கையை வீட்டில் மறந்துவிட்டு வருவது வாராவாரம் யாராவது ஒருவருக்கு நடக்கிறது.